கேட்டத் தாண்டிப் போனவங்க

2023 மே மாசம், சிகாகோ ஓஹேர் ஏர்போர்ட். ஆபீஸ் வேலையா மூணு வாரம் போயிட்டு ஊருக்குத் திரும்புற நாள். டாக்ஸில இருந்து இறங்கி பெட்டிய இழுத்துக்கிட்டு டெர்மினல் வாசலுக்கு வர்றேன், அங்க யுனைடெட் ஏர்லைன்ஸ் பைலட்டுங்க ஃபுல் யூனிஃபார்ம்ல கையில அட்டை புடிச்சுக்கிட்டு வரிசையா நடந்துட்டு இருக்காங்க. எனக்குக் கால் அப்படியே நின்னுருச்சு. மத்தவங்கள்லாம் அவங்களத் தாண்டி உள்ள போய்க்கிட்டே இருக்காங்க, என்னால முடியல. வரிசைல கடைசியா வந்த ஒருத்தர்கிட்ட போயி, இது ஸ்ட்ரைக்கா, நான் உள்ள போனா தப்பாகுமான்னு கேட்டேன். இல்ல, ஒப்பந்தப் பேச்சு இழுத்துக்கிட்டே போகுது, அத ஜனங்களுக்குச் சொல்லத்தான் நிக்கிறோம், நீங்க தாராளமா போங்கன்னாரு. கேட்டதுக்கு தேங்க்ஸும் சொன்னாரு.

நான் கேட்டதுக்குக் காரணம் இருக்கு. எங்கப்பா ஒரு கருங்காலி.

இந்த வார்த்தைய எழுதறதுக்கு எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஏழாவது படிக்கும்போது கிளாஸ்ல ஒரு பையன் என்னைப் பாத்து, "உங்கொப்பன் கருங்காலிடா"ன்னான். அர்த்தம் தெரியாம வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட கேட்டேன், அம்மா பதில் சொல்லல, அடுப்படிக்குள்ள போயிட்டாங்க. கருங்காலிங்கிறது வைரம் பாஞ்ச மரம், அதுல கோடாலிக்குக் காம்பு போடுவாங்க, அந்தக் கோடாலி போயி மத்த மரத்தை வெட்டும். தன் இனத்தை வெட்ட தானே பிடியாப் போறவனுக்கு நம்ம ஊர் தொழிலாளிங்க வச்ச பேரு அது. இங்கிலீஷ்ல ஸ்கேப்ங்கிறாங்க, புண்ணு மேல காயற பொருக்கு. ரெண்டு வார்த்தைல எங்க வார்த்தைதான் அதிகமா வலிக்கும்னு எனக்குத் தோணும், அதுல உறவு இருக்கு.

அப்பா சிங்காநல்லூர் பக்கம் ஒரு மில்லுல பதிலி. பதிலின்னா என்னன்னு இப்ப இருக்கறவங்களுக்குத் தெரியாது. பர்மனென்ட் ஆளு யாராவது அன்னிக்கு வரலைன்னா அவருக்குப் பதிலா மெஷின்ல நிக்கற ஆளு. ஷிப்ட்டுக்கு முந்தி சங்கு ஊதும், அதுக்குள்ள கேட்டுக்குப் போயி நிக்கணும், மேஸ்திரி நோட்டுல பாத்து பேரக் கூப்புடுவாரு, கூப்பிட்டா வேலை, கூப்பிடலைன்னா சோத்துப்போசியோட திரும்பி வரணும். அப்பா ஆறு வருஷம் அப்படி நின்னாரு. பதிலிங்களை யூனியன்ல மெம்பராச் சேக்க மாட்டாங்க. பதிலிங்கள பர்மனென்ட் பண்ணுன்னு கோரிக்கைப் பட்டியல்ல ஒவ்வொரு வருஷமும் கடைசியில ஒரு வரி இருக்குமாம், பேச்சுவார்த்தை ஆரம்பிச்ச உடனே மொத மொத விட்டுக்குடுக்கற வரியும் அதுதானாம். இது அப்பா சொன்னது, யூனியன்ல இருந்த ஒருத்தரும் பின்னாடி என்கிட்ட இத மறுக்கல.

அந்த வருஷம் பர்மனென்ட் ஆளுங்களோட போனஸுக்காக ஸ்ட்ரைக். 41 நாள் நடந்துச்சு. அப்பாவும் மத்த பதிலிங்களும் கேட்டுக்கு வெளிய நின்னாங்க, அவங்களுக்கு போனஸே கிடையாது, ஆனாலும் நின்னாங்க. ஒரு நாள் ராத்திரி மேஸ்திரி வீட்டுக்கு வந்தாரு. "நாளைக்கு வேன்ல வந்தீன்னா பர்மனென்ட் கார்டு, வரலைன்னா உம்பேரே நோட்டுல இருக்காது"ன்னாரு. மறுநாள் காலைல ஜன்னலுக்கு வலை போட்ட வேன்ல அப்பா கேட்டத் தாண்டி உள்ள போயிட்டாரு. எட்டு மாசத்துல பர்மனென்ட். என்னோட காலேஜ் ஃபீஸ், தங்கச்சி கல்யாணம், நான் இப்ப இங்க உக்காந்து டைப் பண்றது, எல்லாத்துக்கும் அடியில அந்த வேன் இருக்கு.

அதனாலதான் ஓஹேர்ல இருந்து ஊருக்கு வந்ததும் பைலட் ஸ்ட்ரைக்குகள பத்தித் தேடித்தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சுது, பைலட்டோட பொழப்பும் மில்லுக்காரன் பொழப்பும் சம்பளத்துலதான் வேற, மத்தபடி ஒரே மாதிரி. அவங்களுக்கும் சீனியாரிட்டிதான் எல்லாமே. எந்த விமானம் ஓட்டறது, எந்த ரூட்டு, தீபாவளி மாதிரி நாள்ல வீட்டுல இருப்பமா வானத்துல இருப்பமா, எப்ப கேப்டன் ஆவோம், எல்லாம் அந்த லிஸ்ட்ல நம்ம நம்பர் என்னங்கறதப் பொறுத்தது. ஒரு கம்பெனில இருபது வருஷ கேப்டன், வேற கம்பெனிக்குப் போனா லிஸ்ட்டோட அடியில போயி நிக்கணும், நம்பரக் கையோட எடுத்துட்டுப் போக முடியாது. அதனால ஸ்ட்ரைக் நேரத்துல உள்ள போறவன் ஒரு மாசச் சம்பளத்த மட்டும் எடுத்துக்கல, வெளிய நிக்கறவனோட இடத்தையே எடுத்துக்கறான். டிடபிள்யூஏங்கற அமெரிக்க ஏர்லைன்ஸோட விமானப் பணிப்பெண்கள் 1986ல ஸ்ட்ரைக் பண்ணாங்க, முடிஞ்சு திரும்பி வந்தா பல பேரோட இடத்துல நடுவுல உள்ள போன ஜூனியருங்க உக்காந்திருக்காங்க. கேஸ் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. சீனியர் திரும்பி வந்துட்டாங்கங்கறதுக்காக, உள்ள போன ஜூனியர எறக்க வேண்டியதில்லன்னு 1989ல தீர்ப்பு. சட்டப்படி உள்ள போறது குத்தமே இல்ல, பரிசு குடுக்கற விஷயம். அப்ப அதத் தடுக்கறதுக்கு மனசாட்சியத் தவிர வேற ஒண்ணும் மிச்சமில்ல, இதான் இந்த விஷயத்தோட கஷ்டமே.

என்னைத் தூங்க விடாம பண்ணது 1985 யுனைடெட் ஸ்ட்ரைக்தான். கதை இப்படி. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1983ல ஒரு வழி கண்டுபுடிச்சாங்க, இப்ப இருக்கற பைலட்டுங்க சம்பளத்துல கை வைக்க மாட்டோம், ஆனா இனிமே சேர்ற ஆளுக்கு ரொம்பக் கம்மியான தனிச் சம்பள அட்டவணை. பி ஸ்கேல்னு பேரு. ஒரே காக்பிட், ஒரே வேலை, ரெண்டு சம்பளம். இருக்கறவங்களுக்கு நஷ்டமில்ல, வராதவங்களுக்கு ஓட்டு இல்ல, அதனால அங்க சுலபமா ஒத்துக்கிட்டாங்க. யுனைடெட் தலைவர் ரிச்சர்ட் ஃபெரிஸ் அதையே தன் கம்பெனிக்கும் கேட்டாரு. அங்க பைலட்டுங்க முடியாதுன்னுட்டாங்க. 1985 மே 17 அன்னிக்கு ஏறத்தாழ 5,000 பைலட்டுங்க வேலைய விட்டு வெளிய வந்தாங்க. அவங்க சண்டையில முக்கியமான விஷயம் என்னன்னு பாருங்க, இன்னும் கம்பெனிக்குள்ள வராத ஆளுங்களோட சம்பளம்.

அந்த நேரத்துல 570 புது ஆளுங்க டென்வர்ல டிரெய்னிங் முடிச்சிருந்தாங்க, இல்லன்னா முடிக்கற கட்டத்துல இருந்தாங்க. முறைப்படி லிஸ்ட்ல பேர் ஏறல, நம்பர் கிடையாது. நம்ம ஊர்ல சொன்னா பதிலிங்க. ஸ்ட்ரைக் ஆரம்பிக்கற அன்னிக்கு வேலைக்கு வந்தா வேலை உண்டு, வரலைன்னா இல்லன்னு கம்பெனி அவங்களுக்குச் சொல்லிருச்சு. யோசிச்சுப் பாருங்க, சின்னச் சின்னக் கம்பெனில ராத்திரி பகலா ஓட்டி, மணிக்கணக்கு சேத்து, கடன் வாங்கி, கனவு கண்ட வேலை வாசல் வரைக்கும் வந்து நிக்குது. யூனியன் மெம்பர்கூட இல்ல, யாருக்கும் வாக்கு குடுக்கல. விரல் விட்டு எண்ணக்கூடிய சில பேரத் தவிர யாருமே உள்ள போகல.

நான் இத மொத தடவ படிக்கும்போது எங்கப்பா மேல கோவம் வந்துச்சு. உண்மையச் சொல்றேன். அவங்களால முடிஞ்சது உங்களால ஏன் முடியலன்னு மனசுக்குள்ள கேட்டேன். அப்புறம் மேல படிச்சேன். சம்பள விஷயம் ஸ்ட்ரைக்கோட ஆரம்பத்துலயே ஓரளவு முடிவாயிருச்சு, பி ஸ்கேல்லயும் ரெண்டு பக்கமும் எறங்கி வந்துட்டாங்க. பெரியவங்க அன்னிக்கே உள்ள போயிருக்கலாம். போகல. அந்த 570 பேர எடுக்க முடியாது, அவங்க எங்க ஆளே இல்லன்னு கம்பெனி சொன்னதும், ஸ்ட்ரைக் நேரத்துல சேந்தவங்களுக்கு சீனியாரிட்டில முன்னிடம் குடுக்கப் பாத்ததும்தான் கடைசி வரைக்கும் இழுத்த பிரச்சினை. 20, 25 வருஷ சர்வீஸ் உள்ள கேப்டனுங்க, வீட்டுக் கடன் கட்டிட்டு இருக்கறவங்க, தங்களோட காசு விஷயம் முடிஞ்ச பின்னாடியும் நேத்து வந்த பசங்களுக்காக வெளிய நின்னாங்க. மொத்தம் 29 நாள். அதுலயும் முழுசா தீரல, 570 பேருக்கும் கோர்ட் மூலமாத்தான் வழி பொறந்துச்சு. ஆனா பெரும்பாலானவங்க அவங்கள மறந்துட்டு உள்ள போகல.

இங்கதான் எனக்கு எங்க மில்லு ஞாபகம் வந்துச்சு. 41 நாள் கழிச்சு எங்க மில்லுல ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, போனஸ்ல பாதி கெடச்சுது, பர்மனென்ட் ஆளுங்க மாலை போட்டு உள்ள போனாங்க. அப்பா கூட பதிலியா இருந்தவங்கள்ல வேன்ல ஏறாதவங்க இருந்தாங்க, 41 நாளும் வெளிய நின்னவங்க. ஒப்பந்தத்துல அவங்களப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. மேஸ்திரி சொன்ன மாதிரியே அவங்க பேரு நோட்டுல இல்ல. யூனியன் ஒரு நாள் கேட் மீட்டிங் போட்டுக் கண்டிச்சாங்க, அவ்வளவுதான், அந்த மீட்டிங்குக்கே ஷிப்ட்டு முடிஞ்ச களைப்புல பாதிப்பேர் நிக்கலையாம்.

ஆக, கேட்டத் தாண்டிப் போறது சரியா தப்பாங்கற கேள்விக்கு முன்னாடி இன்னொரு கேள்வி இருக்குன்னு நான் நினைக்கறேன். அந்த கேட்டுல நிக்கறவங்க உனக்காக எப்பவாச்சும் நின்னாங்களா, நிப்பாங்களா? நான் தொழிற்சங்கத்துக்கு எதிரி இல்ல, சொல்லப்போனா எங்க ஆபீஸ்ல யூனியன் வேணும்னு பேசி கெட்ட பேர் வாங்குனவன். ஸ்ட்ரைக்னு வந்துட்டா உள்ள போகக்கூடாதுங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்ல, அதுவும் பைலட் மாதிரி சம்பளம் வாங்கறவங்களுக்கு. ஒருத்தன் உள்ள போறதால வெளிய நிக்கற நூறு பேரோட பலமும் கொறையுது, கடைசில அவங்க போராடி வாங்கற சம்பளம் உள்ள போனவனுக்கும் சேந்தே கெடைக்குது, ரெண்டு பக்கத்துலயும் அவனே சாப்புடறான். அது தப்பு. எங்கப்பா செஞ்சதும் தப்புதான். ஆனா அந்தத் தப்புல பங்கு அவருக்கு மட்டும் இல்ல. கடைசியில இருக்கறவனோட கோரிக்கைய ஒவ்வொரு தடவையும் மொத ஆளா வித்துட்டு, ஸ்ட்ரைக் அன்னிக்கு மட்டும் அவன் தோழனா வந்து நிக்கணும்னா எப்படி.

பைலட்டுங்க வரலாத்துலயே இதுக்குச் சாட்சி இருக்கு. 1981 ஆகஸ்ட்ல விமானக் கட்டுப்பாட்டாளர்கள், அதாவது டவர்ல உக்காந்து பைலட்டுக்கு வழி சொல்றவங்க, ஸ்ட்ரைக் பண்ணாங்க. ரெண்டு நாள் டைம் குடுத்துட்டு 11,000 பேருக்கு மேல ஒரே அடியா வீட்டுக்கு அனுப்பினாரு அப்ப அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ரீகன். பைலட்டுங்க என்ன பண்ணாங்க? ஓட்டிக்கிட்டே இருந்தாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு 1983 ஆகஸ்ட், கான்டினென்டல் ஏர்லைன்ஸ்ல மெக்கானிக்குகள் ஸ்ட்ரைக். அப்பவும் பைலட்டுங்க அவங்க வரிசையத் தாண்டிப் போயி விமானத்த எடுத்தாங்க. ஒரு மாசத்துக்கு மேல ஓடுச்சு, செப்டம்பர் 24 அன்னிக்கு முதலாளி ஃபிராங்க் லொரென்சோ கம்பெனிய திவால்னு எழுதிக் குடுத்துட்டு, 12,000 பேர் வேலைய ரத்து பண்ணி, அதுல 4,000 பேர மட்டும் பாதிச் சம்பளத்துக்கு வாங்கன்னு கூப்பிட்டாரு. கேப்டனுக்கு வருஷத்துக்கு 43,000 டாலர், அதுக்கு முன்னாடி வாங்கினதுல பாதி அளவுக்குத்தான் அது. அக்டோபர் 1 பைலட்டுங்க ஸ்ட்ரைக் ஆரம்பிச்சாங்க. இப்ப அவங்க போட்ட வரிசைய மத்தவங்க மதிக்கணும்னு கேட்டாங்க. பல பேர் மதிக்கல, அவங்க ஆளுங்களே நூத்துக்கணக்குல உள்ள போனாங்க. ரெண்டு வருஷம் நடந்து 1985 அக்டோபர் 31 அன்னிக்கு அந்த ஸ்ட்ரைக் தோத்துப் போச்சு. மெக்கானிக் நின்னப்ப கூட நின்னிருந்தா ஜெயிச்சிருப்பாங்களான்னு தெரியாது, ஆனா கேக்கறதுக்கு ஒரு வாய் இருந்திருக்கும்.

கூட நின்னாலே ஜெயிப்போம்னும் இல்ல, அதையும் சொல்லிடணும். அதே லொரென்சோ கையில ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ். 1989 மார்ச் 4 மெக்கானிக்குகள் வெளிய வந்தாங்க, இந்தத் தடவ பைலட்டுங்க பாடம் படிச்சிருந்தாங்க, பெரும்பாலானவங்க கூடவே நின்னாங்க. விமானமெல்லாம் தரையில. நவம்பர் வரைக்கும் தாங்கி, அப்புறம் பைலட்டுங்க விட்டுட்டாங்க, 1991 ஜனவரில கம்பெனியே மூடிருச்சு. அம்பது வயசு கேப்டனுங்க வேற கம்பெனில லிஸ்ட்டோட அடியில போய்ச் சேந்தாங்க, சில பேருக்கு அதுவும் கெடைக்கல. அவங்க செஞ்சது சரி. சரியானத செஞ்சதுக்கு அவங்க குடுத்த விலை அது. எவனாச்சும் மேடையில ஏறி, ஒத்துமையா நின்னா வெற்றி நிச்சயம்னு கத்தும்போது எனக்கு இந்த ஈஸ்டர்ன் ஆளுங்க ஞாபகம்தான் வரும்.

தண்டனை விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா அது எங்க வீட்டு விஷயம். பைலட்டுங்ககிட்ட கருங்காலி லிஸ்ட்னு ஒண்ணு உண்டு, 1983, 1985, 1989ல உள்ள போனவங்க பேரெல்லாம் அதுல இருக்கும். பல வருஷம் பைக்குள்ள வச்சிருந்து, புதுசா யார் கூடவாச்சும் டியூட்டி போட்டா எடுத்துப் பாப்பாங்க. பேர் இருந்தா கை குலுக்க மாட்டாங்க. காக்பிட்ல ஒரு எக்ஸ்ட்ரா சீட் இருக்கும், வேற ஊர்ல இருந்து டியூட்டிக்கு வர்ற பைலட் அதுல ஓசில உக்காந்து வரலாம், ஆனா கேப்டன் ஒத்துக்கணும், லிஸ்ட்ல இருக்கறவனுக்கு எடம் இல்லம்பாங்க. அது வரைக்கும் எனக்குப் புரியுது. ஆனா சில காக்பிட்ல ஓட்டறதுக்குத் தேவையான வார்த்தையத் தவிர ஒரு பேச்சும் இல்லாம, கூட உக்காந்தவன் முகத்தையே பாக்காம மணிக்கணக்கா ஓட்டிருக்காங்க, அத என்னால ஏத்துக்க முடியல. அதே யுனைடெட்டோட 173ஆம் விமானம் 1978 டிசம்பர் 28 அன்னிக்கு போர்ட்லண்ட் பக்கத்துல விழுந்துச்சு. சக்கரம் சரியா எறங்குச்சான்னு கேப்டன் ஒரு மணி நேரமா வட்டம் அடிச்சிட்டிருக்க, எரிபொருள் தீந்துட்டே வந்துச்சு, கூட இருந்த ரெண்டு பேருக்கும் அது தெரியும், ஆனா அழுத்திச் சொல்லல. 10 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம்தான் காக்பிட்ல சின்னவன் பெரியவனத் தடுத்துப் பேசணும், பெரியவன் காது குடுத்துக் கேக்கணும்னு தனியா பயிற்சியே கொண்டு வந்தாங்க, அதுல முன்னாடி நின்ன கம்பெனியும் யுனைடெட்தான். அப்படிக் கஷ்டப்பட்டு வாங்கின பேச்ச ஒரு ஸ்ட்ரைக் கோவத்துல மூடிட்டா, பின்னாடி உக்காந்திருக்கற ஜனங்க என்ன பாவம் பண்ணாங்க.

எங்கப்பாவுக்கு அந்த லிஸ்ட் பேப்பர்ல இல்ல, ஊர் வாயில இருந்துச்சு. ரிட்டயர் ஆகற வரைக்கும் கேன்டீன்ல அவரு பக்கத்துல பல பேரு உக்கார மாட்டாங்களாம். அவங்களுக்கு அந்த உரிமை உண்டுன்னுதான் இன்னிக்கும் சொல்வேன். ஆனா ஏழாவது படிக்கற பையனுக்கு அதுல என்ன பங்கு? தங்கச்சிக்கு வந்த ஒரு நல்ல சம்பந்தம் இதச் சொல்லித் தட்டிப் போச்சு, அப்பா வேன்ல போனப்ப அவ கைக்குழந்தை.

அப்பா அதுக்கெல்லாம் வருத்தப்பட்டு நான் பாத்ததில்ல. அவருக்கு உறுத்தல் எல்லாம் வேற எடத்துல. வேன்ல ஏறாம நின்ன பதிலிங்கள்ல ஒருத்தரு பஸ் ஸ்டாப் பக்கத்துல சைக்கிள் கடை வச்சாரு, இப்பவும் அங்க பஞ்சர் போட்டுட்டு இருக்காரு. அப்பா வண்டி அந்த எடத்துல பஞ்சரானாகூட அடுத்த ஸ்டாப் வரைக்கும் தள்ளிட்டே போவாரு. பர்மனென்ட் ஆளுங்க கண்ண நேருக்கு நேரா பாத்துப் பேசுவாரு, அந்த சைக்கிள் கடைக்காரரு கண்ண மட்டும் பாக்க மாட்டாரு. ஒரு தடவ கேட்டேன், சோத்துக்கு வழி இல்லாமத்தானப்பா போனீங்கன்னு. "இல்ல கண்ணு. சோறு எப்படியோ ஓடியிருக்கும். அந்தக் கார்டுக்காகத்தான் போனேன்"னாரு. அவரா நினைச்சிருந்தா பசின்னு சொல்லியிருக்கலாம், எல்லாரும் நம்பியிருப்போம்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப அவருக்கு இந்த 570 பேர் கதையச் சொன்னேன். திண்ணையில உக்காந்து முழுசாக் கேட்டாரு. நடுவுல ஒரு தடவ மட்டும், "பெரியவங்க சம்பளம் முடிவான பொறகுமா நின்னாங்க?"ன்னு கேட்டாரு. ஆமாப்பான்னேன். அந்தப் பசங்களுக்கு வேலை கெடச்சுதான்னு கேட்டாரு. லேட்டாத்தான், கோர்ட்டுக்குப் போயித்தான், ஆனா கெடச்சுதுன்னேன்.

"மொத்தம் எத்தன நாளு?"

"29 நாள்ப்பா."

வெத்தலையத் துடைச்சுக்கிட்டே இருந்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "எனக்கு 19 நாளுதான் முடிஞ்சுது கண்ணு"ன்னாரு.